வகுப்பறையிலிருந்து ஆன்லைனுக்கு: ஆங்கிலம் சொல்லித் தருபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் அந்த வகுப்பைப் போனுக்குக் கொண்டுபோனேன். இன்று இரண்டும் நடக்கின்றன. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் டியூஷன் எடுக்கும் பலர் ஆன்லைன் வகுப்பு தொடங்கும்போது கூட இருந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் இடறுவது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். மாடியில் நடத்திய பாடத்தை அப்படியே கேமரா முன்னால் நடத்துகிறார்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேரைக் காணோம்.

மாடி அறையில் யார் வாயை மட்டும் அசைக்கிறார், யார் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறார், யார் முகம் சுண்டிப்போயிற்று என்பதெல்லாம் நாம் கேட்காமலே கண்ணில் படும். போனில் இதில் ஒன்றுகூடத் தானாக வராது. ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும், அதற்கென்று தனியாக ஒரு வேலை வைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வேலைகள்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள் திரும்ப அங்கேயே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

1. வீட்டில் எத்தனை போன், அது எப்போது யார் கையில்

கால அட்டவணை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள். குழுவில் மெசேஜ் போட்டுக் கேட்டால் எல்லோரும் "ஓகே மிஸ்" என்றுதான் போடுவார்கள்.

முதல் கேள்வி, போன் யாருடையது. நம் பக்கத்தில் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பாவோடு துறைமுகத்துக்கோ எம்.சி. ரோடு துணிக்கடைக்கோ போய்விடும். கடை அடைத்து அவர் வீடு வர இரவு ஒன்பதரை ஆகும் என்றால், ஆறு மணி வகுப்பில் அந்தப் பிள்ளை சேரவே முடியாது. பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும்.

இரண்டாவது, தினசரி டேட்டா எவ்வளவு. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி உள்ள திட்டத்தில் ஒரு மணி நேரக் குழு வீடியோவே ஏறத்தாழ 1 ஜிபி வரை இழுத்துவிடும். குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இது தெரியாமல் "எல்லோரும் கேமராவை ஆன் பண்ணுங்க" என்று சொன்னால், மாலையில் தம்பிக்கு நெட் இல்லை என்று வீட்டில் சண்டை வரும். அந்தச் சண்டையில் முதலில் நிற்பது நம் வகுப்புதான்.

மூன்றாவது, எங்கே உட்காரப் போகிறார். சன்னல் பக்கம் கன்டெய்னர் லாரி போகிற சாலையா, கொருக்குப்பேட்டை போல ரயில் சத்தம் வரும் இடமா, மோட்டார் ஓடும் நேரம் எது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான்காவது கேள்வியைப் புதியவர்கள் யாருமே கேட்பதில்லை: பேசும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? மாடி அறையில் தப்பாகப் பேசினால் கேட்பவர்கள் எல்லோரும் தப்பாகப் பேசுகிறவர்கள்தான். ஒற்றை அறை வீட்டில் மாமியார், நாத்தனார், கல்லூரி போகும் மச்சினன் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மாடியில் வாய் மூடாமல் பேசிய ஒரு பெண் ஆன்லைனில் ஒரு மாதம் மியூட்டிலேயே இருந்தார். நெட் கோளாறு என்று நானும் நம்பினேன். பிறகு அவரே சொன்னார்: "வூட்ல எல்லாம் சிரிக்கிறாங்க மிஸ்." மொட்டை மாடி, படிக்கட்டு, பக்கத்து அக்கா வீடு என்று ஏதாவது ஒரு இடத்தை முதல் நாளே அவரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் அவருக்கு 6-ஆம் படியில் வரும் வாய்ஸ் நோட்டுதான் முக்கிய வகுப்பு.

2. சத்தத்தைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் ரிங் லைட் வாங்குகிறார்கள், பின்னால் திரை கட்டுகிறார்கள். மற்றப் பாடத்துக்கு அது போதுமோ என்னவோ, மொழிப் பாடத்துக்கு ஒலிதான் பாடப்புத்தகம். முதல் செலவை அங்கே செய்யுங்கள்.

ஆங்கிலத்தில் எஸ் ஒலியின் பலம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) மேலேதான் இருக்கிறது. எஃப் ஒலியோ இயல்பிலேயே மெலிந்தது. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். அதனால்தான் போனில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது எஸ்ஸா எஃப்பா என்று குழம்பும். இன்றைய செயலிகள் அதைவிட அகலமாகக் கடத்தினாலும், மலிவான மைக், மின்விசிறி இரைச்சல், பலவீனமான சிக்னல் மூன்றும் சேர்ந்தால் முதலில் காணாமல் போவது இந்த ஒலிகள்தான்.

ஆசிரியருக்குத் தேவை, மைக் உள்ள ஒயர் இயர்போன். புளூடூத் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கும் புளூடூத், மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் பல கருவிகளில் தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறிவிடும். நம் எஸ் மாணவருக்கு "ஷ்" போலக் கேட்கும்.

ஜூமில் இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது மிகுதியில் இருந்தால் மின்விசிறிச் சத்தத்தோடு நம் எஃப்பையும் துடைத்துவிடும். அதைக் குறைந்த அளவில் வையுங்கள். உச்சரிப்புப் பாடம் எடுக்கும் நேரத்தில் மட்டும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, குரலை மாற்றாமல் அப்படியே அனுப்பும் "ஒரிஜினல் சவுண்ட்" அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்காமல் வகுப்பைத் தொடங்காதீர்கள். ஒரு நண்பரை அவர் வீட்டிலிருந்து இணையச் சொல்லி, ஒன்றோடொன்று குழம்பும் 20 சொற்களை வாசியுங்கள்: ஷிப்–சிப், ஃபேன்–பேன், ஷூ–சூ மாதிரி. அவர் காதில் விழுந்ததை எழுதட்டும். 20-இல் 18 சரியாக இருந்தால் தொடங்கலாம்.

மின்சாரத்துக்கும் இப்போதே வழி செய்யுங்கள். பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவித்துவிட்டு நிறுத்தும் நாட்களில் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் இருக்காது. இல்லத்தரசிகள் வகுப்பு விழுவது சரியாக அந்த நேரத்தில். ரவுட்டருக்கு மட்டும் போடும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் அந்த நாட்களைக் கடந்துவிடலாம்.

3. குழுவின் அளவும் நேரமும்

மாடியில் 25 பேரை வைத்து நடத்த முடியும். பக்கத்துப் பக்கத்தில் ஜோடி சேர்த்துவிட்டால் ஒரே நேரத்தில் 12 பேர் பேசுவார்கள், நாம் நடுவில் நடந்துகொண்டே காது கொடுக்கலாம். ஆன்லைனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். 60 நிமிட வகுப்பில் நம் பேச்சு, சிக்னல் தடங்கல் எல்லாம் போக 35 நிமிடம் மிஞ்சினால் பெரிது. 25 பேருக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. எட்டுப் பேர் என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் வரும். எட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். "இன்னும் ரெண்டு பேரு தானே" என்று சேர்க்கும் இரண்டு பேர் மற்ற எட்டுப் பேரின் வாயையும் அடைப்பார்கள்.

நேரத்தைச் செயலியே ஓரளவு முடிவு செய்கிறது. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படும். கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 நிமிடம். மாணவர்களைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி ஜூம் இலவசக் கணக்கிலேயே உண்டு, மீட்டின் இலவசக் கணக்கில் இல்லை. ஜோடிப் பேச்சு இல்லாமல் மொழி வகுப்பு இல்லை என்பதால் நான் ஜூமில்தான் நடத்துகிறேன். 40 நிமிடமே போதும். அதற்கு மேல் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு அயல்மொழியில் கவனம் நிற்காது. வாரம் மூன்று முறை 90 நிமிடம் நடத்திய மாடி வகுப்பை ஆன்லைனில் வாரம் ஐந்து முறை 40 நிமிடமாக மாற்றினேன். தினமும் கொஞ்சம் பேசுவது நாக்குக்குப் பழகுகிறது.

4. ஆளுக்கு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள்

மாடியில் முதல் வாரத்திலேயே யார் எந்த நிலை என்று தெரிந்துவிடும், பெஞ்ச் மாற்றி உட்கார வைத்தால் போதும். ஆன்லைனில் தவறான குழுவில் விழுந்தவர் சத்தம் போடாமல் வெளியேறிவிடுவார். அதனால் குழு பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

கேள்விகள் எளிதாக இருக்கட்டும்: காலையிலிருந்து என்ன செய்தீர்கள், நேற்று என்ன சமைத்தீர்கள், நாளை எங்கே போகிறீர்கள். நேற்று, இன்று, நாளை மூன்றையும் கேட்டுவிட்டால் வினைச்சொல்லை எப்படிக் கையாள்கிறார் என்பது தெரிந்துவிடும். ஐரோப்பிய மொழித்தகுதிக் கட்டமைப்பில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரை ஆறு நிலைகள் உண்டு. நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏ1, ஏ2, பி1 மூன்றில்தான் இருப்பார்கள். மூன்று குழு போதும்.

அந்தப் பேச்சை அவருடைய போனிலேயே பதிவு செய்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு தேவைப்படும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பிறர் பிள்ளையின் குரலைக் கேட்காமல் வைத்துக்கொள்வது சரியில்லை.

5. பாடத்தை மூன்றாக வெட்டுங்கள்

மாடியில் விளக்கம், பயிற்சி, பேச்சு எல்லாம் ஒரே அமர்வில் நடக்கும். ஆன்லைனில் இதை முன், நேரலை, பின் என்று மூன்றாக வெட்ட வேண்டும்.

முன்: விளக்கத்தை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். நான்கு நிமிட ஆடியோ, கையால் எழுதிய ஒரு பக்கத்தின் படம், அவ்வளவுதான். வீடியோ பாடம் தயாரித்து நேரத்தை விரயம் செய்ய வேண்டாம். விளக்கத்தை நேரலையில் வைத்தால் 40 நிமிடத்தில் 25 நிமிடத்தை நாமே பேசித் தீர்த்துவிடுவோம். நான் பார்த்த பிழைகளில் பெரிய பிழை இதுதான். திரையில் முகம் மட்டும் தெரியும்போது எதிரில் மௌனம் இருந்தால் அதைப் பேச்சால் நிரப்பத் தோன்றும். ஒரு முறை உங்கள் வகுப்பைப் பதிவு செய்து, நீங்கள் பேசிய நிமிடங்களை எண்ணிப் பாருங்கள்.

நேரலை: பேச்சு மட்டும். நான் வைத்திருக்கும் வரிசை இப்படி. முதல் ஐந்து நிமிடம் இணைகிறவர்களுக்கு. அப்போது சாட் பெட்டியில் ஒரு கேள்வி இருக்கும், வந்தவர் ஒரு வரி பதில் தட்ட வேண்டும். தாமதமாக வருபவருக்காக மற்றவர்கள் சும்மா காத்திருக்க மாட்டார்கள். அடுத்த பத்து நிமிடம் முந்தின நாள் அனுப்பியதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம். பிறகு 15 நிமிடம் ஜோடிகளாகச் சிறு அறைகளில். கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் திரும்பி வந்து, தன் ஜோடி சொன்னதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். சிறு அறைக்குள் போனதும் தமிழில் அரட்டை தொடங்கிவிடும், நாம் எல்லா அறையிலும் இருக்க முடியாது. "அவர் சொன்னதை நீங்கள் வந்து சொல்ல வேண்டும்" என்றால் கேட்டே ஆக வேண்டும், ஆங்கிலத்தில் கேட்டால்தான் ஆங்கிலத்தில் சொல்ல முடியும். மாடியில் நாம் நடந்துபோய் எட்டிப் பார்ப்பது செய்கிற வேலையை ஆன்லைனில் இந்த ஒரு நிபந்தனை செய்கிறது.

ஜோடிகளுக்குக் கொடுக்கும் வேலையில் ஆளுக்குப் பாதித் தகவல்தான் இருக்க வேண்டும். ஒருவரிடம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை உள்ள மெட்ரோ நிலையங்களின் பட்டியல், இன்னொருவரிடம் போக வேண்டிய இடங்களின் பட்டியல். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். "உங்கள் பொழுதுபோக்கு பற்றிப் பேசுங்கள்" என்று விட்டால் இரண்டு வரியில் பேச்சு தீர்ந்துவிடும்.

பின்: வாய்ஸ் நோட்.

6. விழுங்கியது மாணவரா, நெட்டா?

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள். ஆன்லைன் ஆங்கில வகுப்பு பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

தமிழ் பேசுகிறவர் ஆங்கிலத்தில் எதை விழுங்குவார்? பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "எ", "தி". பன்மைக்கும் "ஹி வொர்க்ஸ்" போன்ற வினைக்கும் கடைசியில் வரும் எஸ். இறந்தகாலத்துக்குக் கடைசியில் வரும் "ட்". தமிழில் இந்த "எ", "தி" போன்ற முன்னொட்டுச் சொல்லே கிடையாது. மெய்யெழுத்துகள் கொத்தாக நிற்கும் சொல் முடிவும் நம் நாக்குக்குப் புதிது.

நெட் எதை விழுங்கும்? குட்டியாக, அழுத்தமில்லாமல், மெல்லியதாக வரும் ஒலிகளை. அதாவது அதே "எ", "தி", எஸ், "ட்".

ஆக "ஷி வாக் டு மார்க்கெட்" என்று கேட்டால், அவர் சரியாகச் சொல்லி வழியில் விழுந்ததா, அவரே விட்டாரா என்று நமக்குத் தெரியாது. சரியாகச் சொன்னவரைத் திருத்தினால் அவர் தன் காதையே நம்பாமல் போவார். தவறாகச் சொன்னவரை விட்டுவிட்டால் அது பழகிவிடும்.

இதற்கு நான் கண்ட வழி வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். அது முதலில் மாணவரின் போனிலேயே முழுதாகப் பதிவாகி, பிறகு கோப்பாக வந்து சேர்கிறது. சிக்னல் மோசமாக இருந்தால் தாமதமாக வரும், நடுவில் ஒலி அறுபடாது. நேரலையில் சந்தேகம் வந்த வாக்கியத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, "இதை ராத்திரி வாய்ஸ் நோட்டா அனுப்புங்க" என்று சொல்லிவிடுவேன். அதில் அந்த எஸ் இருந்தால் நெட்தான் குற்றவாளி.

வாய்ஸ் நோட்டுக்கு மூன்று கட்டுப்பாடு வையுங்கள். நீளம் ஒரு நிமிடம், அதற்கு மேல் போனால் எட்டுப் பேருக்கும் கேட்டு முடிக்க நமக்கு இரவு போதாது. எழுதி வைத்து வாசிக்கக் கூடாது, வாசித்தால் குரலிலேயே தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை தானே கேட்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் மாடி வகுப்பில் என்னால் தரவே முடியாதது. தன் குரலைத் தானே கேட்டவர்கள் பாதிப் பிழையைத் தாங்களே பிடித்து, அழித்து, மறுபடி பேசி அனுப்புகிறார்கள்.

பதிலை நீங்களும் குரலிலேயே, 20 நொடிக்குள் கொடுங்கள். ஒரு நோட்டுக்கு ஒரு பிழை மட்டும். குழுவில் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள்.

7. உச்சரிப்பு: காதை நம்பாமல் கண்ணால் சொல்லிக்கொடுங்கள்

மாடியில் எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைப்போம். ஆன்லைனில் அது நடக்காது. ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேரும், செயலியும் ஒரு குரலை முன்னிறுத்தி மற்றவற்றை அமுக்கிவிடும். ஆகவே எல்லோரையும் மியூட்டில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு உங்கள் குரலும் தங்கள் குரலும் மட்டும் கேட்கும். கூச்சப்படுகிறவர் வாய்விட்டுச் சொல்வது இந்த நேரத்தில்தான். சரியாகச் சொல்கிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? கண்ணால். அந்த ஐந்து நிமிடம் மட்டும் கேமராவை ஆன் செய்யச் சொல்லுங்கள்.

காற்றுச் சோதனை: உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்து "பேப்பர்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகள் ஒரு வீச்சு காற்றோடு வரும், பேப்பர் ஆடும். நம் "பால்", "காலை" போல் சொன்னால் ஆடாது. நெட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பேப்பர் ஆடுவது திரையில் தெரியும்.

தொண்டைச் சோதனை: "பால்" என்பதில் ஒரு ப, "அம்பு" என்பதில் வேறொரு ப. "காகம்" என்ற ஒரே சொல்லில் இரண்டு க. இரண்டும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, தமிழில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தானாக மாறுகிறது, ஆங்கிலத்தில் எந்த இடத்திலும் வரும். மாணவரிடம் இதைச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். "இந்த ஒலி எனக்கு வராது" என்று நினைத்திருந்தவருக்கு அது ஏற்கெனவே தன் பேச்சில் இருப்பது தெரிகிறது. தொண்டையில் விரல் வைத்து "அம்பு" என்று சொல்லி, அந்த அதிர்வோடு "பஸ்" சொல்லச் சொல்லுங்கள். அதிர்வை அவரே உணர்வார், நாம் கேட்டுச் சொல்லத் தேவையில்லை.

பல் சோதனை: எஃப் ஒலிக்கு மேல்பல் கீழ் உதட்டில் படுவது தெரியும்படி போனைக் கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள். மாடியில் ஒருவர் வாயை அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது.

அழுத்தத்துக்கு ரப்பர் பேண்டு. "ஃபோட்டோகிராஃப்" என்றால் முதல் அசையில் இழுக்க வேண்டும், "ஃபொட்டாகிரஃபர்" என்றால் இரண்டாவது அசையில். கைதட்டினால் ஒலி தாமதமாக வந்து குழப்பும். ரப்பர் பேண்டை இழுப்பது கண்ணுக்குத் தெரியும்.

"புக்கு", "பஸ்ஸு" என்று கடைசியில் உகரம் சேர்ப்பது, "எக்" என்பதை "யெக்" என்பது, "ஒன்லி" என்பதை "வொன்லி" என்பது, இவற்றுக்கு வாய்ஸ் நோட் போதும். சொல்பவருக்கே கேட்கும்.

8. திருத்துவதை எங்கே, எப்போது செய்வது

மாடியில் பேச்சின் நடுவே புருவத்தை உயர்த்தினால் போதும், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். ஆன்லைனில் நாம் "ம்" என்று சொன்னாலே மைக் நம் பக்கம் தாவி அவர் பேச்சு அறுந்துவிடும். "மிஸ் ஏதோ சொன்னாங்க" என்று அவர் நிறுத்துவார். மீண்டும் தொடங்க மாட்டார்.

எனவே பேசும்போது குறுக்கிடாதீர்கள். நோட்டில் ஆளுக்கொரு கோடு போட்டு, சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் மூன்று வாக்கியத்தைச் சாட்டில் போட்டு, எல்லோரும் திருத்தட்டும். "வாட் யூ ஆர் டூயிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்" போன்றவை எட்டில் ஐந்து பேருக்கு வரும் பிழைகள். ஒருவர் வாக்கியத்தை எல்லோரும் தன்னுடையது என்று நினைத்துத் திருத்திக்கொள்வார்கள்.

"எ", "தி" பயிற்சியைச் சாட்டில் எழுத வைத்தே நடத்துங்கள். காதில் சரியாக விழாத ஒன்றைக் காதால் பயிற்றுவிக்க முடியாது.

9. கேள்வி கேட்டபின் காத்திருங்கள்

இயல்பான உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடிதான். அழைப்பில் குரல் ஒரு பக்கம் போய்ச் சேரவே 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. போய்வர அதன் இருமடங்கு. நம் பகுதி மாலை நேரச் சிக்னலில் இன்னும் கூடும். இதற்கு மேல் மாணவர் மனதில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் நேரமும் மியூட்டை எடுக்கும் நேரமும் இருக்கின்றன.

புதிய ஆசிரியர் இரண்டு நொடி பொறுத்துவிட்டு, "கேக்குதா? ஹலோ?" என்று தொடங்கிவிடுகிறார். வாய் திறக்கப்போனவர் மூடிக்கொள்கிறார். கேள்வி கேட்டதும் மனதுக்குள் எட்டு வரை எண்ணுங்கள்.

"யாராவது சொல்லுங்க" என்ற வாக்கியத்தை ஆன்லைனில் விட்டுவிடுங்கள். மாடியில் கண்ணால் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம், திரையில் அந்தக் கண் எல்லோரையும் பார்க்கிறது. பெயரை முதலில் சொல்லி, பிறகு கேள்வியைக் கேளுங்கள். மாடியில் நாம் செய்வதற்கு நேர் எதிர் இது. அங்கே பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் கவனத்தை விட்டுவிடுவார்கள். இங்கே பெயரைக் கடைசியில் சொன்னால், "என்னையா மிஸ் கேட்டீங்க? மறுபடி சொல்லுங்க" என்று ஒரு நிமிடம் போய்விடும்.

10. கட்டணம்

மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள், யுபிஐயில் வாங்குங்கள், ரசீதாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த வீடுகளில் பணப்புழக்கம் நின்றுபோகும் நாட்கள் அவை. கேட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்பட்டு வகுப்பையே நிறுத்திவிடுவார்கள். தடைக்காலக் கட்டணத்தை ஜூலையிலிருந்து பிரித்துத் தரலாம் என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

11. எதை ஆன்லைனுக்குக் கொண்டுபோகக் கூடாது

ஏழெட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவதை ஆன்லைனில் செய்யாதீர்கள். பென்சிலைப் பிடிக்கும் விரலைத் தொட்டுத்தான் திருத்த முடியும். தேர்வும் அப்படித்தான். எழுத்துத் தேர்வை ஆன்லைனில் வைத்தால் யார் எழுதினார் என்பது தெரியாது, பேச்சுத் தேர்வு மட்டும் வையுங்கள்.

குறுக்கே பேசும் பழக்கம் நேரில்தான் வரும். ஆன்லைனில் படித்தவர்கள் ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசப் பழகிவிடுகிறார்கள். துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவர் ஒருவர், "நாலு பேரு சேந்து பேசும்போது எங்க நொயையறதுன்னே தெரியல மிஸ்" என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் குழுவை மாடிக்கு வரச் சொல்கிறேன். விவாதம், பேரம், இருவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து போன் பேசுவது, இவை மட்டும்தான் அன்று. இலக்கணம் எடுக்க மாட்டேன்.

12. எட்டாவது வாரம்

4-ஆம் படியில் வாங்கிவைத்த முதல் பேச்சு இப்போது தேவை. அதே கேள்விகளைக் கேட்டு இன்னொரு பதிவு வாங்குங்கள். இரண்டையும் அந்த மாணவருக்கு மட்டும், பழையது முதலில் புதியது பிறகு என்று அனுப்புங்கள். மாடியில் வளர்ச்சியை நாம் வாயால்தான் சொல்ல முடிந்தது, இங்கே அவரே கேட்கலாம். மாற்றம் இல்லையென்றால் அதுவும் கேட்கும். அப்போது அவருக்குப் போன் செய்து, வாய்ஸ் நோட் எத்தனை அனுப்பினார் என்பதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பத்தைத் தாண்டியிருக்காது. அவரை 1-ஆம் படிக்குக் கொண்டுபோய், போன் யார் கையில் இருக்கிறது, எங்கே உட்கார்ந்து பேசுகிறார் என்று மறுபடி கேளுங்கள்.